மேசையின் ஓரத்தில் கரையும் முதல்

வியாபாரத்தில் இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டு. ஒரு வகையினர் குறை கண்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். "நாநா, இது சரியில்லையே" என்பார்கள். சண்டையும் பிடிப்பார்கள். ஆனால் அடுத்த வாரம் மீண்டும் வருவார்கள். மற்ற வகையினர் ஒன்றும் பேசமாட்டார்கள். கேட்ட காசைக் கொடுப்பார்கள், சிரித்துவிட்டுப் போவார்கள், பிறகு வரவேமாட்டார்கள். ஒரு முதலாளியை மெல்ல மெல்லக் கீழே இறக்குபவர்கள் இந்த இரண்டாம் வகையினர்தான்.

ஸ்னூக்கர், பூல் மேசைகளை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் சிறு வியாபாரத்தில் இந்த இரண்டாம் வகையினரே அதிகம். மண்டபம் சுத்தமாக இருக்கிறது, மின்விளக்கு நன்றாக எரிகிறது, துணியும் புதியது, கட்டணமும் நியாயமானது. அப்படியிருந்தும் நன்றாக விளையாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோகிறார்கள். என்ன காரணம் என்று முதலாளிக்கு விளங்குவதில்லை. போட்டிக்கு வந்த புதிய கடையைக் குறை சொல்கிறார், வாடகையைக் குறை சொல்கிறார், காலத்தைக் குறை சொல்கிறார். காரணம் பல வேளைகளில் அவர் தினமும் கை ஊன்றி நிற்கும் அந்த மேசையின் ஓரத்திலேயே, துணிக்குள் மறைந்து கிடக்கிறது. அதுதான் குஷன் இறப்பர்.

இந்த வாரம் அந்த இறப்பரைப் பற்றிப் பேசுவோம். மேசை வைத்திருப்பவர்கள், பழைய மேசை வாங்க நினைப்பவர்கள், விளையாட்டுப் பொருட்கள் விற்பவர்கள், திருத்தவேலை செய்பவர்கள் ஆகிய அனைவருக்கும் இது பயன்படும்.

குஷன் என்பது என்ன?

குஷன் என்றதும் நம்மவர்களுக்கு வாகன ஆசனங்களுக்கு உறை தைக்கும் வேலைதான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு. கரம் பலகையில் காய் சட்டத்தில் பட்டுத் திரும்பி வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே திருப்பி அனுப்புவது வெறும் மரம். பில்லியட்ஸ், ஸ்னூக்கர், பூல் மேசைகளில் அந்த வேலையைச் செய்வது மரச்சட்டத்தின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் இறப்பர் பட்டை. ஏறத்தாழ முக்கோண வடிவிலான இந்தப் பட்டையின் கூரிய முனையை மூக்கு என்பார்கள். பந்து வந்து மோதுவது அந்த மூக்கில்தான்.

ஆறு பொக்கற் உள்ள மேசையில் குஷன்களும் ஆறு. ஸ்னூக்கர் முழு மேசையின் விளையாடும் பரப்பு 3,569 மில்லிமீற்றர் நீளமும் 1,778 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. ஒன்பது அடி பூல் மேசையின் பரப்பு 2,540 மில்லிமீற்றருக்கு 1,270. நாலு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால் முதலாவதில் 11 மீற்றருக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவதில் ஏழரை மீற்றருக்குச் சற்று அதிகம். முழு மேசையின் பெறுமதியோடு ஒப்பிட்டால் சிறிய சாமான்தான். ஆனால் மேசையின் கல், மரம், துணி எல்லாம் முதல்தரமாக இருந்தும் இந்தப் பட்டை செத்துவிட்டால் அந்த மேசையில் விளையாட்டு இல்லை.

வெந்நீர் வைத்த காலம்

இறப்பர் வருவதற்கு முன்னர் துணிப் பட்டைகளையும் கம்பளி அடுக்குகளையும் திணித்தே குஷன்கள் செய்யப்பட்டன. லண்டனில் மேசை செய்து விற்ற ஜோன் தர்ஸ்டன் 1835ஆம் ஆண்டளவில் இறப்பரைப் பாவிக்கத் தொடங்கினார். பந்து துள்ளித் திரும்பியது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் குளிர்காலம் வந்ததும் இறப்பர் கல் போல இறுகியது. விளையாடுவதற்கு முன்னர் குஷனுக்குச் சூடேற்ற வெந்நீர் நிரப்பிய உலோகப் பாத்திரங்களை ஓரத்தில் வைக்க வேண்டியிருந்தது. கந்தகம் சேர்த்து இறப்பரைச் சூட்டில் பதப்படுத்தும் முறை வந்த பின்னர்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. 1845இல் தர்ஸ்டன் அந்த இறப்பரைக் கொண்டு செய்த குஷனுக்குக் காப்புரிமை பெற்றார்.

இறப்பரோடு நமது நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க, அவற்றில் 1,919 கன்றுகள் 1876ஆம் ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவின் ஹெனரத்கொடத் தோட்டம் அவற்றால் பெயர் பெற்றது. விளையாட்டிலும் நமக்குப் பங்குண்டு. 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் சம்பியனானவர் நமது எம்.ஜே.எம். லாபிர். விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது உலகப் பட்டம் என்று அது இன்றும் போற்றப்படுகிறது. மூன்றே பந்துகளைக் கொண்டு ஆடும் பில்லியட்ஸில் குஷன் எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். இன்று துள்ளி நாளை சோர்ந்துபோகும் குஷனில் எந்தத் திறமைசாலியாலும் கணக்கு வைத்து அடிக்க முடியாது.

இறப்பர் எப்படிச் சாகிறது?

இறப்பர் உடைவதில்லை, ஒரு நாளில் கெட்டுப்போவதுமில்லை. அதனால்தான் முதலாளியின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெப்பமும் சூரிய ஒளியும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அதன் மீள்தன்மையைத் தின்கின்றன. முதலில் மேற்பரப்பு இறுகும். பிறகு நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். கடைசியில் நகத்தால் கீறினால் பொடி உதிரும். மட்டமான கலவையாக இருந்தால் சில வேளை இறுகுவதற்குப் பதிலாக இளகிப் பிசுபிசுக்கும்.

நமது காலநிலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. குளிர் நாடுகளில் இறப்பருக்குக் குளிர் எதிரி. இங்கே வெக்கையும் ஈரமும் எதிரி. கடலோர ஊர்களில் காற்றின் உப்பு ஈரம் சட்டத்தின் மரத்தை ஊதச் செய்கிறது. துணியைப் பிடித்திருக்கும் கம்பி ஊசிகள் துருப்பிடிக்கின்றன. பசை விட்டுப்போகிறது. பகலில் தகரக் கூரையின் கீழ் அடைத்துக் கிடந்து, மாலையில் திறக்கப்படும் மண்டபங்களில் நிலைமை இன்னும் மோசம். யன்னலோரம் வெயில் படும் இடத்தில் மேசையைப் போட்டால், அந்தப் பக்கத்துக் குஷன் மற்றவற்றுக்கு முந்திக் கெடும்.

நல்ல இறப்பர், முறையாக ஒட்டப்பட்டு, கூரையும் நிழலும் சரியாக இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். மட்டமானது இரண்டு மூன்று வருடத்திலேயே கைவிட்டுவிடும். வாங்கும்போது இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

செலவு செய்ய முன் சோதனை

குஷன் சரியில்லை என்று யாரோ சொன்ன உடனே இறப்பர் வாங்க ஓடக் கூடாது. காசு செலவில்லாத சோதனைகள் சில உண்டு.

முதலாவது, காது. பந்தைச் சற்று வேகமாகக் குஷனில் அடித்துப் பாருங்கள். நல்ல குஷன் மெல்லிய, இறுக்கமான ஒலி கொடுக்கும். 'தொப்' என்று மரத்தில் விழுந்தது போன்ற ஓசை வந்தால் அங்கே ஏதோ கோளாறு. ஆறு குஷனிலும், ஒவ்வொன்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் சோதியுங்கள்.

இரண்டாவது, திருகாணி. சட்டங்கள் சிலேட் கல்லோடு திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். பல பூல் மேசைகளில் ஒரு சட்டத்துக்கு மூன்று வீதம் பதினெட்டுத் திருகாணிகள் இருக்கும். இவை தளர்ந்தால் அந்த இடம் செத்த மாதிரிதான் நடந்துகொள்ளும். இறப்பரில் குற்றம் எதுவும் இராது. மேசையின் கீழே குனிந்து ஒரு சாவியால் இறுக்கிவிட்டு மீண்டும் அடித்துப் பாருங்கள். ஓரிரு இடங்களில் மட்டும் கோளாறு என்றால் பாதி வேளை இத்தோடு வைத்தியம் முடிந்துவிடும்.

மூன்றாவது, வேகம். உலகப் பூல் பில்லியட் சங்கத்தின் அளவீட்டு விதிகளில் ஒரு சோதனை உண்டு. மேசையின் தலைப்புறப் புள்ளியில் பந்தை வைத்து, நீளவாக்கில் உறுதியாக நடுவில் அடித்தால், பந்து துள்ளாமல் குறைந்தது நாலு தொடக்கம் நாலரை மேசை நீளம் ஓட வேண்டும். நன்றாக அடிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் பலமுறை செய்து பாருங்கள். மூன்று நீளத்திலேயே பந்து ஓய்ந்துவிட்டால் குஷனிலோ துணியிலோ குற்றம். துணி புதிது என்றால் மீதி விடை உங்களுக்கே தெரியும்.

நாலாவது, கண். பந்து குஷனில் பட்டதும் மேலெழும்பித் துள்ளுகிறதா? மூக்கின் உயரம் தவறியிருக்கலாம். சட்டத்தின் அடிப்புறத்தில் துணி விலகிய இடமிருந்தால் அங்கே இறப்பரை நகத்தால் அழுத்துங்கள். அழுத்திய தடம் உடனே மறைந்தால் நல்லது. தடம் நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

கணக்கைப் பார்ப்போம்

ஆறு குஷனும் மாற்ற வேண்டும் என்றதும் முதலாளி முதலில் கேட்பது, "எவ்வளவு போகும்?" என்பதுதான். அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாற்றாமல் இருந்தால் எவ்வளவு போகிறது?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மேசை வாடகை மணித்தியாலத்துக்கு 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். செத்த குஷனால் அந்த மேசை நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் வெறுமனே கிடக்கிறது. நாளொன்றுக்கு நட்டம் 1,000 ரூபா. மாதத்துக்கு 26 நாட்கள் திறந்தால் 26,000 ரூபா. வருடத்துக்கு 3 இலட்சத்து 12 ஆயிரம் ரூபா. இது எந்தப் புத்தகத்திலும் பதியப்படாத நட்டம். பற்றுச்சீட்டு இல்லாத செலவு. திருத்தவேலைக்கான மொத்தச் செலவை இந்த 26,000இனால் வகுத்துப் பாருங்கள். 1 இலட்சத்து 30 ஆயிரம் முடிகிறது என்றால் ஐந்து மாதத்தில் முதல் திரும்பிவிடும். உங்கள் வாடகையையும் உங்கள் வெற்று நேரத்தையும் போட்டு நீங்களே இந்தக் கணக்கைச் செய்யலாம்.

இன்னொரு வழக்கத்தையும் தொடங்கிவிடுவது நல்லது. மேசை ஓடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 20 ரூபாவைத் தனியே எடுத்து வையுங்கள். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம், மாதத்துக்கு 26 நாள் என்று பார்த்தால் வருடத்துக்கு 37,440 ரூபா. ஐந்து வருடத்தில் 1 இலட்சத்து 87 ஆயிரத்து 200 ரூபா. துணிக்கும் இறப்பருக்கும் அன்றைக்குக் கடன் வாங்க ஓட வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சாமானின் விலை நம் கையில் இல்லை என்பதை 2022ஆம் ஆண்டு நமக்கு நன்றாகவே படிப்பித்தது. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியதை யார் மறப்பார்? ஆகவே சேர்த்த பணத்தோடு, வேலைக்கு நாள் குறித்ததும் இறப்பரையும் வாங்கி வைத்துவிடுவது புத்தி. ஆனால் மடித்து மூலையில் போட்டுவிட வேண்டாம். நீட்டாக, நிழலில், வெக்கை படாத இடத்தில் கிடக்க வேண்டும். வருடக்கணக்கில் கையிருப்பில் வைக்கும் சாமானும் இதுவல்ல. பெட்டிக்குள் இருந்தாலும் இறப்பருக்கு வயது போகும்.

வாங்கும்போது ஏமாறாதீர்கள்

"குஷன் இறப்பர் ஒரு செட் தாங்க" என்று கேட்டு வாங்குபவர்தான் அதிகம் ஏமாறுகிறார். சேர்ட் வாங்கும்போது அளவு சொல்கிறோம், சப்பாத்து வாங்கும்போது இலக்கம் சொல்கிறோம். இதற்கும் இலக்கம் உண்டு.

பூல் மேசைகளில் அதிகம் காணப்படுவது கே-66 எனும் வடிவம். கே-55 என்பது இன்னொன்று. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கும். ஆனால் மூக்கு அமையும் இடம் வேறு, ஒட்டும் சட்டத்தின் சரிவும் வேறு. சிறிய காசுப்பெட்டி மேசைகள் சிலவற்றில் யூ-23 என்பது வரும். ஸ்னூக்கர் மேசைக்கு ஆங்கில 'எல்' எழுத்தை ஒத்த அமைப்புடைய பட்டை வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதை ஒட்டினால் இறப்பர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் மூக்கு தப்பான உயரத்தில் நிற்கும்.

அந்த உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்? மூக்கு பந்தின் நடுவுக்குச் சற்று மேலே தொட வேண்டும். பூல் மேசைக்கு உலகச் சங்கத்தின் விதி, பந்தின் விட்டத்தில் 62.5 தொடக்கம் 64.5 சதவீதம். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீற்றர். எனவே கல்லிலிருந்து மூக்கு நிற்க வேண்டிய உயரம் ஏறத்தாழ 36 மில்லிமீற்றர். இதைவிடத் தாழ்ந்தால் பந்து மேலே துள்ளும். உயர்ந்தால் பந்தைக் கல்லோடு அழுத்தி வேகத்தைக் கொன்றுவிடும். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீற்றர்தான். கிடைத்த விலைக்கு வாங்கிய வேறு அளவுப் பந்துகளைப் பூல் மேசையில் போட்டுவிட்டு, "குஷன் சரியில்லை" என்று முறையிடுவதில் அர்த்தமில்லை.

ஆகவே கடைக்குப் போகும்போது பழைய பட்டையில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி எடுத்துச் செல்லுங்கள். அதன் குறுக்கு வெட்டுமுகத்தைப் புதியதோடு வைத்துப் பாருங்கள். அத்தோடு சட்டத்தின் முகப்பு உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்னர் யாராவது தப்பான பட்டையை ஒட்டியிருந்தால் அந்தத் துண்டும் தப்பாகவே வழிகாட்டும். அப்போது உதவுவது சட்டத்தின் அளவுதான்.

நல்ல பட்டையை அறிய ஓரிரு அடையாளங்கள் உண்டு. ஒட்டும் முகத்தில் துணி சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். பசை பிடிப்பதற்கு அது உதவும். வளைத்து விட்டால் சோம்பலின்றி நேராகும். மூக்கு முழு நீளத்துக்கும் ஒரே கோட்டில் இருக்கும். இயற்கை இறப்பர் அதிகமுள்ள பட்டைக்குத் துள்ளல் அதிகம். மாவும் களியும் கலந்து மலிவாக்கியது பாரமாகவும் சோர்ந்தும் இருக்கும். ஜேர்மனியின் ஆர்ட்டெமிஸ் போன்ற பெயர்கள் இத்துறையில் பிரபலமானவை. பெயர் பெற்ற சாமானுக்குப் போலியும் வரும். எனவே பெட்டியைப் பார்த்து வாங்காமல் பட்டையைப் பார்த்து வாங்குங்கள், பற்றுச்சீட்டையும் கேளுங்கள்.

"இறப்பர் விளையும் நாட்டில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பட்டை ஏன்? தடித்த இறப்பர் சீட்டை வெட்டி ஒட்டினால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். டயருக்கும் குழாய்க்கும் பாய்க்கும் வார்க்கப்படும் இறப்பரின் கலவை வேறு. அது தேயாமல் உழைப்பதற்குச் செய்யப்பட்டது. குஷனுக்கு வேண்டியது வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கும் கலவை. அதோடு முழு நீளத்துக்கும் பிசகாத வடிவமும் வேண்டும். கையால் வெட்டிய பட்டையில் இரண்டுமே கிடைக்காது.

வேலை நடக்கும் விதம்

முதலாளி தானே இந்த வேலையைச் செய்யத் தேவையில்லை. ஆனால் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாத முதலாளிக்கு முன்னால் எல்லா பாஸ்மாரும் கெட்டிக்காரர்தான்.

சட்டங்களைக் கழற்றும் முன் ஒன்று தொடக்கம் ஆறு வரை இலக்கமிட வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. அடியிலுள்ள ஊசிகளைக் கழற்றித் துணியை எடுக்கும்போது, துணியின் மேல் விளிம்பைச் சட்டத்தின் பள்ளத்துக்குள் கௌவிப் பிடித்திருக்கும் மெல்லிய மரக்குச்சியைப் பத்திரப்படுத்த வேண்டும். அது உடைந்தால் அதே தடிப்பில் இன்னொன்று சீவ வேண்டிவரும்.

பழைய இறப்பரை அகன்ற உளியாலோ சூடான காற்றாலோ உரித்தெடுக்கலாம். அடுத்து வரும் கட்டம்தான் நல்ல பாஸையும் அவசரக்காரரையும் பிரித்துக் காட்டுவது. மரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையை முழுவதும் சுரண்ட வேண்டும். மரத்தைச் சீவக் கூடாது. அந்த முகப்பின் சரிவுதான் மூக்கின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. சீவு உளியை அல்லது அரத்தாள் இயந்திரத்தைக் கண்டபடி ஓட்டினால் சரிவு மாறி, அத்தனை பணமும் வீணாகும். பழைய பசையின் மேலேயே புதிய பட்டையை ஒட்டுபவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

பசை இரண்டு முகத்திலும் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்க்கும் வகையாக இருக்க வேண்டும். சப்பாத்துத் தைப்பவர்களுக்குத் தெரிந்த அதே முறைதான். இந்தப் பசையின் ஆவி இலகுவில் தீப்பற்றும். யன்னல்கள் திறந்திருக்க வேண்டும். சிகரட்டும் அடுப்பும் அருகில் கூடாது. பட்டையை ஒரு முனையில் தொடங்கி, இழுக்காமல், அதன் இயல்பான நீளத்திலேயே படிய வைக்க வேண்டும். இழுத்து ஒட்டிய இறப்பர் நாளாக ஆகத் தன் நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். முனைகள் கிளம்பும், மூக்கின் கோடு வளையும். ஒட்டியதும் அன்றிரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

மறுநாள் பொக்கற் வாய்க்கேற்ப முனைகளை வெட்ட வேண்டும். பூல் மேசையில் மூலைப் பொக்கற்றுக்கு 142 பாகை, பக்கப் பொக்கற்றுக்கு 104 பாகை என்பது விதி. ஒரு பாகைக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வெட்டிய முகத்தில் கடினமான சிறு இறப்பர் தகடு ஒட்டப்படும். ஸ்னூக்கர் மேசையின் பொக்கற் வாய் வளைந்து உள்வாங்கும். அந்த வளைவைக் கையால் செதுக்க வேண்டும். நல்ல அனுபவம் இல்லாதவர் அதில் கை வைக்காதிருப்பதே நல்லது. பூல் மேசை செய்து பழகியவர் எல்லோரும் ஸ்னூக்கர் மேசையும் செய்வார் என்று நினைத்துவிட வேண்டாம்.

கடைசியாகத் துணி. குஷனின் துணியை முழு நீளத்துக்கும் ஒரே இழுவையில் போர்த்த வேண்டும். ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருந்தால் புதிய இறப்பரும் பழையது போலவே நடக்கும். சட்டங்களைப் பூட்டி, திருகாணிகளை நடுவிலிருந்து இருபுறமாகச் சமமாக இறுக்கி, மூக்கின் உயரத்தைப் பல இடங்களில் அளந்து பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு.

மூன்று தவறான சிக்கனங்கள்

ஒன்று, "செத்தது இரண்டுதானே, இரண்டை மட்டும் மாற்றுவோம்" என்பது. ஆறு பட்டைகளுக்கும் ஒரே வயதுதான். இரண்டை மாற்றினால் ஒரே மேசையில் இரண்டு வேகம் வரும். விளையாடுபவருக்கு முன்னையதைவிட இது எரிச்சலூட்டும். மீதி நாலும் விரைவில் சாகும்போது மறுபடியும் கூலி.

இரண்டு, துணியை மாற்றும்போது இறப்பரை விட்டுவிடுவது. இறப்பரைத் தொடுவதற்குத் துணியைக் கழற்றியே ஆக வேண்டும். புதிய துணி போட்டு ஆறு மாதத்தில் இறப்பருக்காக அதைக் கழற்றுவது இரட்டைச் செலவு. அடுத்த முறை துணி மாற்றும் நாளில் இறப்பரையும் சோதித்து, ஐமிச்சம் இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மூன்று, எல்லா மேசைகளையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போடுவது. மூன்று மேசை உள்ளவர் ஒவ்வொன்றாகச் செய்வதே நல்லது. மண்டபம் மூடப்படாது, பாஸுக்கும் அவசரம் இராது. முதல் மேசை எப்படி வந்திருக்கிறது என்று பார்த்த பின்னர் மற்றவற்றைக் கொடுக்கலாம். பரீட்சைக் காலம், நோன்பு மாதத்துப் பகல் போன்ற மந்தமான நாட்களை இதற்கு ஒதுக்கலாம்.

பேச்சையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த இலக்க இறப்பர், யாருடைய இறப்பர், பசையும் துணியும் யார் செலவு, எத்தனை நாள், பட்டை கிளம்பினால் எத்தனை மாதத்துக்குள் இலவசமாக வந்து செய்து தருவார் என்பதையெல்லாம் ஒரு கடதாசியில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். முற்பணம் கொடுங்கள். ஆனால் ஒரு பகுதியை வேகச் சோதனை முடியும்வரை கையில் வைத்திருங்கள். நல்ல வேலைக்காரர் இதை மறுக்கமாட்டார்.

பழைய மேசை வாங்குவோரும் விற்போரும்

புதிதாக இத்தொழிலுக்கு வரும் பலர் பழைய மேசையில்தான் தொடங்குகிறார்கள். ஊரில் கடன்பட்டு, நகையை அடகு வைத்து இரண்டு மேசை வாங்கும் இளைஞருக்கு விற்பவர் காட்டுவது பளபளக்கும் மரத்தையும் புதிய பச்சைத் துணியையும்தான். விற்பனைக்கு முதல் நாள் போடப்பட்ட புதுத் துணி பல வேளைகளில் பழைய குஷனை மறைக்கும் போர்வை. மேலே சொன்ன நாலு சோதனைகளையும் காசு கைமாறும் முன் செய்யுங்கள். பந்து வைத்து அடித்துப் பார்க்க விற்பவர் இடம்தராவிட்டால் அதுவே உங்களுக்கான பதில். குஷன் செத்திருந்தால் மேசையை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. கல்லும் சட்டமும் நன்றாக இருந்தால், இறப்பரும் துணியும் கூலியும் சேர்ந்த தொகையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். அது நியாயமான பேரம்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. குறையை மூடி விற்ற மேசை ஒரு மாதத்தில் தன் கதையைத் தானே சொல்லிவிடும். குறையைச் சொல்லி, அதற்குரிய விலைக் கழிவோடு கொடுத்தால், வாங்கியவர் அடுத்த மேசைக்கும் உங்களிடம்தான் வருவார்.

ஒரு தொழில் வாய்ப்பு

இதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மேசை வாங்கப் பணம் உள்ளவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவற்றைச் சரியாகத் திருத்தத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இந்த வேலைக்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. உளி, கூரிய கத்தி, மட்டக்கோல், பாகைமானி, ஊசி அடிக்கும் துவக்கு, நல்ல பசை, பொறுமையான கை ஆகியவை போதும். தச்சு வேலை தெரிந்த, அளவில் பிசகாத ஒரு இளைஞர் அனுபவமுள்ள ஒருவரிடம் கூடநின்று பழகினால், வெளியூர் மண்டபங்களுக்கும் கழகங்களுக்கும் சுற்றுலா விடுதிகளுக்கும் போய்ச் செய்யக்கூடிய தொழில் இது. விளையாட்டுப் பொருள் விற்கும் கடைக்காரர் அப்படியொருவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டால் இறப்பரும் விற்கும், துணியும் விற்கும், பந்தும் விற்கும்.

மேசை வைத்திருக்கும் சகோதரர்கள் நாளை காலையில் கடை திறந்ததும் வாடிக்கையாளர் வரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு பந்தை எடுத்து ஆறு குஷனிலும் அடித்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு மேசையின் கீழே குனியுங்கள். திருகாணியோடு முடிந்தால் அன்றைக்கே இலாபம். முடியாவிட்டால் பழைய பட்டையில் ஒரு விரல் துண்டை வெட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறப்பர் தேடப் புறப்படுங்கள்.